ஷார்ஜாவுக்குப் பிள்ளைகளோடு போகலாமா? திரும்பி வரும் வருடத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கேள்வி கேட்ட தங்கச்சியின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருங்கல் பக்கம் வீடு. கணவர் ஐந்து வருடமாக துபாயில் பேச்சிலர் ரூமில் இருக்கிறார், சம்பளம் இப்போது 7,500 திர்ஹம் ஆகிவிட்டது, ஃபேமிலி விசா எடுத்து ஷார்ஜாவில் வீடு பார்க்கலாம் என்கிறார். மகள் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. இவர் பி.எட். முடித்து தனியார் பள்ளியில் டீச்சர். வீட்டில் மாமியார் இருக்கிறார். பள்ளிகள் மூடியபின் அடுத்த ஜூனில் போகலாமா, என்னென்ன பார்க்க வேண்டும் என்பது கேள்வி.

போகலாம். ஆனால் ஜூனில் போகாதீர்கள், அதற்கான காரணம் கீழே வருகிறது. நான் தக்கலைக்காரி. ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன், என் பிள்ளைகளும் அங்கே படித்துத்தான் ஊர் திரும்பினார்கள். மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து இறங்கிய எத்தனையோ அம்மாக்களிடம் அந்த அலுவலக மேசையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். கனடா, ஆஸ்திரேலியா போகிறவர்கள் குடியேறப் போகிறார்கள். நாம் வளைகுடாவுக்குப் போவது வேறு. அங்கே விசா வேலையோடு கட்டப்பட்டது, நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்குக் குடியுரிமைக்கு வழி இல்லை. உங்கள் மகள் பெரும்பாலும் கல்லூரிக்கு இங்கேதான் வருவாள். ஆகவே எந்த நாளில் போவது என்பதற்கு முன்னால், பிள்ளைகள் எந்த வகுப்பில் திரும்பி வருவார்கள் என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பாடத்திட்டம், இரண்டாம் மொழி, தமிழ், காகிதங்கள், சேமிப்பு எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்துதான் வரும். நான் பார்த்தவரை அல்லாடிய குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பேச்சைப் பேசாமலே விமானம் ஏறியவைதான். வேலை போய்விட்டது, மகன் ஒன்பதாவது பாதியில் ஊருக்கு வருகிறான், தமிழ் எழுதத் தெரியாது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். சி.பி.எஸ்.இ. பக்கம் போனால் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நேரடியாகப் புதிதாகச் சேர்ப்பது கடினம், பெயர்ப் பதிவு ஒன்பதிலும் பதினொன்றிலுமே முடிந்துவிடும். அதனால் எட்டு முடித்து ஒன்பதில் சேர்கிற மாதிரியோ, பத்து முடித்துப் பதினொன்றில் சேர்கிற மாதிரியோ வருவதுதான் பிள்ளைக்குச் சேதம் குறைவு. பன்னிரண்டு வரை அங்கேயே முடித்தாலும் பாதகமில்லை, நீட் தேர்வுக்கு 2021 முதல் வளைகுடாவிலும் மையம் இருக்கிறது. ஆனால் பள்ளிப் படிப்பின் கடைசி வருடங்களைத் தமிழ்நாட்டுக்கு வெளியே படித்தவர்கள் இங்கே மருத்துவ, பொறியியல் கலந்தாய்வுக்கு வரும்போது நேட்டிவிட்டி சான்றிதழ் (தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்று) கேட்பார்கள். அதையும் சாதிச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் எப்படி வாங்குவது என்று கிளம்பும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். இதை வாசிக்கும் வேறு யாருக்காவது பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தால் இன்னொரு கணக்கும் உண்டு: மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் நான்கு வருடம் ஷார்ஜா போனால் அந்த உரிமை போய்விடும். டாக்டர் கனவுள்ள பிள்ளை என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது ஜூன் ஏன் வேண்டாம் என்பது. ஷார்ஜாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலுக்கு விடுமுறை. நீங்கள் ஜூனில் போனால் மகள் இரண்டு மாதப் பாடத்தை இழந்த வகுப்பில் உட்கார்ந்து, யாரோடும் பழகும் முன்பே பள்ளி மூடி, நாற்பது டிகிரிக்கு மேலான வெயிலில் ஒரு ஃபிளாட்டுக்குள் இரண்டு மாதம் அடைந்து கிடப்பாள். வீட்டைச் சுற்றித் தென்னையும் ரப்பரும் இருந்த பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல நேரம் மார்ச் கடைசி. இங்கே ஆண்டுத் தேர்வு ஏப்ரல் வரை இழுக்கும் என்றால் பள்ளியில் முன்கூட்டியே பேசுங்கள், தனியார் பள்ளிகள் பல இப்படிப் போகிற பிள்ளைக்குத் தேர்வை முன்னால் வைத்துக் கொடுக்கும். அது முடியாவிட்டால் ஆகஸ்ட் கடைசி. முதல் பருவம் போயிருக்கும், அதை வீட்டில் உட்கார்ந்து நீங்களே படிக்க வைத்துவிடலாம், டீச்சர்தானே.

முடிந்தால் அதற்கு முன்னால் காலாண்டு விடுமுறையில் விசிட் விசாவில் பிள்ளைகளோடு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். அரையாண்டு விடுமுறையில் போனால் தட்பவெப்பம் நன்றாக இருக்கும், ஆனால் அப்போது அங்கேயும் பள்ளிகள் குளிர்கால விடுமுறையில் மூடியிருக்கும், ஒன்றையும் பார்க்க முடியாது.

மகன் விஷயம். இங்கே ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு. அங்கே ஏப்ரலில் தொடங்கும் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-க்குள் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும், கே.ஜி. இரண்டுக்கு ஐந்து. யு.கே.ஜி. முடித்தவனை மறுபடி கே.ஜி.யில் போடுகிறார்களே என்று நம் ஊர் அம்மாக்கள் கண் கலங்குவதை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். கலங்க ஒன்றுமில்லை. புது நாட்டில் புது மொழிகளுக்கு நடுவே அந்த ஒரு வருடம் அவனுக்குப் பெரிய உபகாரம்.

மகளுக்குத்தான் உண்மையான சோதனை, அது மொழியில் வரும். இங்கே இரண்டு மொழி படித்தவள் அங்கே ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்தோடு ஓர் இரண்டாம் மொழி, அதற்கு மேல் அரபி என்று படிக்க வேண்டும். அரபி அந்த நாட்டு எல்லாப் பள்ளியிலும் கட்டாயம், ஆனால் புதிதாக வரும் பிள்ளைக்கு அடிப்படையிலிருந்து தொடங்குவார்கள், அது சமாளிக்கக் கூடியது. சிக்கல் இரண்டாம் மொழியில்தான். பெரும்பாலான பள்ளிகளில் ஹிந்தி அல்லது மலையாளம், சிலவற்றில் பிரெஞ்சு. தமிழ் வைத்திருக்கும் பள்ளி மிகக் குறைவு. ஆறாம் வகுப்பு ஹிந்தி என்றால் மற்ற பிள்ளைகள் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்து கட்டுரை எழுதும் நேரம், இவள் எழுத்துக்கூட்ட ஆரம்பிப்பாள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முதல் பருவத் தேர்வில் ஹிந்தியில் ஒற்றை இலக்கம் வாங்கி, அந்த அவமானத்தில் மற்றப் பாடங்களிலும் சுருண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். கட்டணத்தையும் பஸ்ஸையும் மட்டும் விசாரித்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "தமிழ் இரண்டாம் மொழியாக உண்டா? இல்லையென்றால் ஆறாம் வகுப்பில் புதிதாக ஹிந்தி தொடங்கும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?" மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் காதில் விழுந்து பழக்கம் இருப்பதால் சிலர் மலையாளம் எடுத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான், எழுத்து மட்டும் மூன்று மாதம் முன்னால் வீட்டில் பழக்கிவிடுங்கள்.

பள்ளியில் தமிழ் இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். பேச்சுத் தமிழ் தானாக இருக்கும், எழுத்துதான் போய்விடும். தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவே சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துகிறது, இணையத்திலேயே படிக்கலாம். அதோடு இங்கே அந்தந்த வகுப்புத் தமிழ்ப் பாடப்புத்தகத்தை வருடாவருடம் வாங்கிக்கொண்டு போய், வாரம் இரண்டு பக்கம் எழுத வையுங்கள். ஒன்பதில் திரும்பி வரும்போது அதன் அருமை தெரியும்.

காகிதங்கள். இதில்தான் மாதக்கணக்கில் நேரம் போகும், இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா? பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்து, அப்படியே விட்டுவிட்ட சான்றிதழ் நம் மாவட்டத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது. உங்கள் இருவர் பெயரின் ஆங்கில எழுத்துகள் அதிலும் பாஸ்போர்ட்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா? உங்கள் திருமணத்துக்குக் கோயில் ரசீதோ சபைச் சான்றிதழோ மட்டும் இருந்தால் போதாது, பதிவுத்துறை கொடுத்த திருமணச் சான்றிதழ் வேண்டும். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள். 2022 நவம்பரில் அமீரகம் (துபாயும் ஷார்ஜாவும் அடங்கிய நாடு) ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது, இனிஷியல் வழக்கமுள்ள நம் ஆட்கள்தான் அதிகம் தவித்தார்கள்.

அடுத்தது அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ்கள் உண்மையானவை என்று அரசு முத்திரை வாங்குவது. அமீரகத்துக்கு அப்போஸ்டில் (பல நாடுகள் ஏற்கும் பொது முத்திரை) மட்டும் செல்லாது. திருமணச் சான்றிதழ் முதலில் மாநில அரசு, பிறகு நம் வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், போய்ச் சேர்ந்ததும் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு படி ஏற வேண்டும். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஏஜென்சிகள் செய்துகொடுக்கும். பிறப்புச் சான்றிதழ்களையும், உங்கள் டிகிரி, பி.எட். சான்றிதழ்களையும் இதோடு சேர்த்தே அனுப்புங்கள். மகளின் மாற்றுச் சான்றிதழில் கல்வித்துறை அலுவலகத்தின் மேலொப்பம் வாங்க வேண்டும், அதற்கும் அட்டெஸ்டேஷன் கேட்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அந்த அலுவலகங்களில் கூட்டம் நெரியும், அதையும் கணக்கில் வையுங்கள். தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் அட்டவணையில் சின்னம்மைத் தடுப்பூசியும் பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசியும் இல்லை, அங்கே பள்ளியில் கேட்பார்கள், இங்கேயே குழந்தை மருத்துவரிடம் போட்டுக்கொண்டு போனால் செலவு குறைவு.

பணம். 4,000 திர்ஹம், அல்லது 3,000-மும் தங்குமிடமும் இருந்தால் ஃபேமிலி விசா கிடைக்கும். அது அரசு அனுமதி தரும் வரம்பு, அந்தப் பணத்தில் நான்கு பேர் வாழ்ந்துவிட முடியாது. 7,500-இல் ஷார்ஜாவில் வாழலாம், ஆனால் இறுக்கமாகத்தான், இப்போது அவர் அனுப்பும் தொகையில் பாதிகூட அனுப்ப முடியாது. வீட்டுக் கடனோ நகைக் கடனோ இருந்தால் அதை முடித்துவிட்டுப் போங்கள் என்பது என் உறுதியான கருத்து. வாடகை, சேவாவுக்கு (ஷார்ஜாவின் மின்சார, தண்ணீர் நிறுவனம்) டெபாசிட், பள்ளிக் கட்டணம், பஸ், புத்தகம், யூனிஃபார்ம், மூன்று பேருக்கு விசா, எமிரேட்ஸ் ஐடி (அந்த நாட்டு அடையாள அட்டை), மருத்துவக் காப்பீடு, வருடத்துக்கு ஒரு தடவை நான்கு டிக்கெட் என்று ஒரு தாளில் கணவர் எழுதட்டும். வாடகையை வரப்போகும் தேதிகள் போட்ட செக்குகளாகக் கொடுக்க வேண்டியிருக்கும், எத்தனை செக் என்பதைப் பொறுத்து முதல் மாதமே பெரிய தொகை கையில் வேண்டும். ஆடி, ஆவணி சமயம் டிக்கெட் விலை கூரையைத் தொடும், ஏனென்றால் எல்லாப் பள்ளியும் அப்போதுதான் மூடியிருக்கும்.

வாடகை குறைவென்று இன்னொரு குடும்பத்தோடு ஷேரிங்கில் போகலாம் என்று கணவர் சொல்லக்கூடும். பத்து வயது மகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம். சின்ன ஸ்டுடியோவாக இருந்தாலும் கதவு உங்களுடையதாக இருக்கட்டும். பால்கனியும் ஜன்னலும் முதல் நாளே பூட்டப்பட வேண்டும், தரைவீட்டில் வளர்ந்த பையனுக்கு எட்டாவது மாடியின் உயரம் புரியாது.

வேலை போகும் சாத்தியத்தையும் பேசிக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல் அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை வரும். அடிப்படைச் சம்பளம் என்பதைக் கவனியுங்கள், மொத்தச் சம்பளம் கணக்கில் வராது. கணவர் சந்தா கட்டியிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் விசா ரத்தானால் உங்கள் மூன்று பேர் விசாவும் அதோடு போகும். அதனால் நான்கு டிக்கெட்டும் மூன்று மாதச் செலவும் தொடாத பணமாக இருக்க வேண்டும்.

இனி யாரும் சொல்லித்தராத பகுதி. உங்கள் கணவர் ஐந்து வருடம் லீவில் வந்து போன அப்பா. பிள்ளைகளுக்கு அவர் என்றால் பெட்டி, சாக்லேட், கன்னியாகுமரி பீச், ஒரு மாதக் கொண்டாட்டம். அங்கே அவர் காலை இருட்டில் கிளம்பி, துபாய்-ஷார்ஜா டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து, இரவு களைத்து வந்து விழுகிற மனிதர். பிள்ளைகள் சத்தம் போட்டால் அவருக்குப் பொறுக்காது, ஏனென்றால் ரூமில் அவருக்கென்று ஒரு கட்டிலும் ஒரு அமைதியும் பழகிவிட்டது. பிள்ளைகள் எதற்கும் உங்களிடமே வருவார்கள், அது அவருக்கு வலிக்கும். நீங்களோ இங்கே வங்கி, வீட்டு ரிப்பேர், பள்ளி, மாமியாருக்கு ஆஸ்பத்திரி என்று அத்தனை முடிவையும் தனியாக எடுத்தவர். அங்கே விசா அவர் பெயரில், வீடு அவர் பெயரில், சிம்கூட அவர் பெயரில். காய்கறி வாங்கப் பணம் கேட்டு நிற்கும் நிலை உங்களை உள்ளுக்குள் குடையும். முதல் ஆறு மாதச் சண்டைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வருகின்றன, இது உங்கள் குணத்தின் கோளாறோ அவர் குணத்தின் கோளாறோ கிடையாது. போகும் முன்பே பேசி வையுங்கள்: உங்கள் பெயரில் ஒரு சிம், உங்கள் கையில் ஒரு கார்டு, எமிரேட்ஸ் ஐடி வந்ததும் உங்களுக்கென்று ஒரு வங்கிக் கணக்கு. அவருக்கு வாரவிடுமுறையில் ஒரு மாலை பிள்ளைகளோடு தனியாக, நீங்கள் இல்லாமல், பார்க்குக்கோ மீன் மார்க்கெட்டுக்கோ அவரே கூட்டிப் போகட்டும். பேச்சு மெதுவாகத்தான் வரும். வரும்.

கணவர் விசாவில் இருந்துகொண்டே நீங்கள் வேலைக்குப் போகலாம், வேலை தரும் பள்ளி ஒர்க் பெர்மிட் எடுத்தால் போதும். ஆனால் முதல் பருவம் முடியும் வரை போகாதீர்கள் என்பேன். மகள் மத்தியானம் பள்ளி பஸ்ஸில் வந்து இறங்கும்போது வீட்டில் ஆள் வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஊரையும் கூட்டாளிகளையும் சித்தி பிள்ளைகளையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வருகிறாள். சிலர் அழுவார்கள், சிலர் பேச்சைக் குறைத்துவிடுவார்கள், சிலருக்குத் தினமும் காலையில் வயிறு வலிக்கும். "எல்லாம் பழகிடும் மக்ளே" என்று உடனே மூடிவிடாமல் சொல்ல விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையோ தமிழ்ச் சங்க நிகழ்ச்சியோ, தமிழ் பேசும் நான்கு பிள்ளைகள் கூடும் ஓர் இடம் முதல் மாதமே கிடைத்துவிட்டால் பாதி பாரம் இறங்கும். ஷார்ஜாவில் 2022 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பள்ளி விடுமுறை, கணவருடைய துபாய் வேலைக்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் கட்டும்போது அரிசி, மீன் மசாலா என்று பெட்டியை நிரப்ப வேண்டாம். சம்பா அரிசி, மரச்சீனி, சாளை, நேந்திரம்பழம் எல்லாம் ஷார்ஜாவில் கிடைக்கும். கசகசா மட்டும் ஒரு சிட்டிகைகூட போகக் கூடாது, அந்த நாட்டில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். மாமியார் அன்போடு திரித்துத் தரும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும், டிராமடால் போன்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான், முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

மாமியார். அவரை நிரந்தரமாகக் கூட வைத்துக்கொள்ளும் விசாவுக்கு உங்கள் கணவர் சம்பளம் போதாது, விசிட்டில் வந்து போகலாம். ஆறு மாதத்துக்கு மேல் நீங்கள் தொடர்ந்து ஊரில் இருந்தால் உங்கள் ரெசிடென்ஸ் விசா செல்லாமல் போகும், அதனால் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வந்து மாதக்கணக்கில் இருந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரவில் துணைக்கு யார், ஆஸ்பத்திரிக்கு யார், மருந்து வாங்கித் தருவது யார் என்று கணவரின் கூடப்பிறந்தவர்களை நேரில் உட்கார வைத்துப் பேசி, அதற்கு மாதம் எவ்வளவு நீங்கள் அனுப்புவீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு விஷயம், அமீரகத்தில் வாட்ஸாப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. போட்டிம் அல்லது கூகுள் மீட் மாதிரி ஒன்றை அவருடைய போனில் இப்போதே போட்டு, பேரப்பிள்ளைகள் மாடியிலிருந்து கூப்பிட அவர் கீழே எடுத்துப் பழகட்டும்.

இந்த மாதத்துக்குள் செய்ய வேண்டியது மூன்று: சான்றிதழ்களில் பெயர் சரிபார்ப்பது, கணவர் அந்தச் செலவுத் தாளை எழுதி அனுப்புவது, நாலைந்து பள்ளிகளுக்கு இரண்டாம் மொழி பற்றிக் கேட்டு மின்னஞ்சல் போடுவது. ஏப்ரல் சேர்க்கைக்கு அந்தப் பள்ளிகள் முந்தைய வருடக் கடைசியிலேயே இடங்களை நிரப்பத் தொடங்கிவிடும். பதில் வந்ததும் பள்ளிப் பெயர்களோடு எழுதுங்கள், உங்கள் மகளுக்கு எது ஒத்துவரும் என்று சேர்ந்து பார்க்கலாம்.